கல்லுதான் என்று நான் சாதித்த ஜவ்வாது மலைப் பயணம்

போன வாரம் ஒரு வாசகி இந்தப் பக்கத்தில் கேட்டிருந்தார்: "ஐயா, அம்மாவை அழைத்துக்கொண்டு போளூரிலிருந்து பஸ்ஸில் ஜமுனாமரத்தூர் போகலாம் என்று இருக்கிறேன். வழியில் இறங்கி ஒதுங்க வசதி இருக்குமா?" எத்தனையோ ஊர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். எத்தனை கிலோமீட்டர், எங்கே இட்லி நன்றாக இருக்கும், எந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது, எல்லாம் சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு பதிவில்கூடப் பதில் எழுதியதில்லை. அதனால் 1983 பிப்ரவரியில் நானும் என் மனைவி மல்லிகாவும் அந்த மலைக்குப் போன கதையை எழுதுகிறேன். இதில் அருவி கொஞ்சமாகத்தான் வரும். விலா வலி நிறைய வரும்.

அப்போது நான் வேலூரில் ஒரு பள்ளியில் பூகோள வாத்தியார். வருஷா வருஷம் கரும்பலகையில் கிழக்குத் தொடர்ச்சி மலையை வரைந்து, ஜவ்வாது மலை என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போடுவேன். "பதினோரு வருஷமா கோடு போடுறீங்களே, ஒரு தடவையாவது போய்ப் பாத்தீங்களா?" என்று மல்லிகா கேலி செய்தாள். ரோஷம் வந்துவிட்டது. உடன் வேலை பார்த்தவர் மூலமாக, ஜமுனாமரத்தூர் கடைவீதியில் ஒரு புளி மண்டிக்கு மேலே இருந்த மாடி அறையை இரண்டு நாளைக்குப் பேசிவைத்தேன். வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாகத் திட்டம்.

கதைக்குள் போகுமுன் என் கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, கோடையில், எனக்குச் சிறுநீரகக் கல் வந்தது. இடப்பக்கம் முதுகில் பிடித்து, விலாவைச் சுற்றி, அடிவயிறு தாண்டித் தொடை இடுக்கு வரைக்கும் இறங்கிய வலி. கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்தேன், தரையில் உருண்டேன், சுவரில் முட்டினேன். அரை மணி நேரம் உயிர் போகும், பிறகு ஒன்றுமே நடக்காதது போல விட்டுவிடும், மறுபடியும் வரும். கொள்ளுத் தண்ணீர், வாழைத்தண்டுச் சாறு என்று ஆளாளுக்கு ஒன்று கொடுத்தார்கள். மாடிப்படியில் ஏறி ஏறிக் குதிக்கச் சொன்னார்கள், குதித்தேன். மூன்றாம் நாள் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று வெளியே வந்தது. அதைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் போட்டு, பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் முதல் மணி அடிக்கிறவர் வரைக்கும் காட்டினேன். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். ஒரே ஒரு கல்லைப் பெற்ற நான் முழு வைத்தியனாகிவிட்டேன். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாலும் கல்லுதான் என்று சொல்லிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை காலை 5.20க்கு வேலூரில் பஸ் ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு மூன்றரை ரூபாய். கணியம்பாடியில் இன்னும் விடியவில்லை. கண்ணமங்கலம் தாண்டும்போது வெளுத்தது. மல்லிகா செருப்பைக் கழற்றிவிட்டு முன் சீட்டுக் கம்பியில் காலை வைத்திருந்தாள். இரண்டு கால் கட்டைவிரல் நகத்திலும் சுண்ணாம்பு தடவியிருந்தது.

"என்ன, நகத்துக்கு வெள்ளையடிச்சிருக்க?" என்றேன்.

"ஒடம்பு கொஞ்சம் சூடுங்க," என்று சிரித்துவிட்டு, காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் நீர்க்கடுப்பு வந்தால் கால் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். சூடு இறங்கும் என்று நம்பிக்கை. இது எனக்குத் தெரியாததல்ல. என் அம்மா தடவியிருக்கிறார், அக்கா தடவியிருக்கிறாள். பார்த்தேன், கேலி செய்தேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மலை எப்போது தெரியும் என்பதுதான் என் கவலை.

போளூரில் இறங்கும்போது மணி 7.05. மலை பஸ் 7.45க்கு. நான் இரண்டு டீ குடித்தேன், பஸ் நிலையச் சுவரோரம் போய்விட்டு வந்தேன். "உனக்கு டீ?" என்றேன். வேண்டாம் என்றாள். "தண்ணியாவது குடி," என்றேன். அதுவும் வேண்டாம் என்றாள். வெளியூர்ப் பயணம் என்றால் முந்தின ராத்திரியே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவது எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வழக்கம். பயணச் சாமான் கட்டுவது போல அதுவும் ஒரு ஏற்பாடு. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் ஆண்பிள்ளைக்கு வரவில்லை.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அத்திமூர் தாண்டியதும் ஏற்றம். வளைவுக்கு வளைவு பஸ் மூச்சு வாங்கியது. நடுவில் ஓரிடத்தில் இன்ஜின் சூடாகிவிட்டது என்று கால் மணி நேரம் நிறுத்தினார்கள். ஆண்கள் எல்லாரும் இறங்கி, ஆளுக்கு ஒரு மரம் பார்த்துக்கொண்டு நின்றோம். பெண்கள் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி ஏறியபோது மல்லிகா கண்ணை மூடி, கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வளைவு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று எலுமிச்சம்பழத்தை எடுத்து மோந்து பார்க்கக் கொடுத்தேன். வாத்தியார் புத்தி, எதற்கும் ஒரு பதில் கையில் இருக்கும்.

பத்தேகாலுக்கு ஜமுனாமரத்தூர். புளி அறுவடை நேரம். மண்டியின் கீழ்த்தளத்தில் ஏழெட்டு மலைவாசிப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, புளியை அடித்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். காற்றே புளித்தது. பின்கட்டில் தகரம் அடைத்த கழிவறை ஒன்று இருந்தது. மல்லிகா பையைக்கூட வைக்காமல் நேராக அங்கே போனாள். வெகுநேரம் கழித்து வந்தாள். முகம் வெளிறியிருந்தது. "வலப்பக்கம் முதுகு வலிக்குதுங்க," என்றாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. "கல்லு!" என்றேன். "எனக்கு இடப்பக்கம், உனக்கு வலப்பக்கம். பயப்படாத, நான் இருக்கேன்."

என் வைத்தியம் தொடங்கியது. நடந்தால் கல் இறங்கும் என்று பீமன் அருவிக்கு நடத்தியே கூட்டிப்போனேன். கடைவீதியிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். பிப்ரவரியில் அருவி நூலாகத்தான் விழுந்தது. பாறைச் சரிவில் அவள் ஒவ்வொரு அடியையும் வலப்பக்கம் கையால் தாங்கித் தாங்கி வைத்தாள். "குதிச்சு இறங்கு, நல்லது," என்றேன். ஒரு தடவை குதித்தாள். குதித்த இடத்திலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். எனக்கும் கல்லின்போது வாந்தி வந்ததே, சரியாகத்தான் போகிறது என்று நினைத்தேன். திரும்பும்போது ஒரு மாட்டுவண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார்.

அறைக்கு வந்தபோது இரண்டரை. பாயில் படுத்தவள் வலப்பக்கமாகச் சுருண்டாள். பற்கள் அடித்துக்கொண்டன. மலைக் குளிர் என்று சொல்லிக் கொண்டுபோன கம்பளியைப் போர்த்தினேன், என் வேட்டியையும் மேலே போட்டேன். பிறகு கீழே இறங்கி, கொள்ளு எங்கே கிடைக்கும் என்று விசாரித்தேன்.

புளி அடித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி பச்சையம்மா. மல்லிகாவின் வயதுதான் இருக்கும். மலையிலேயே, கீழே போகிற பாதையில் ஐந்தாறு கிலோமீட்டரில் அவள் கிராமம்.

"இன்னா சார், கொள்ளு யாருக்கு?"

"வீட்டம்மாவுக்கு. கல்லு வலி."

"கல்லுனு யாரு சொன்னாங்க?"

"நான்தான் சொல்றேன். எனக்கே வந்திருக்கு."

அவள் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து என் பின்னாலேயே மாடிக்கு வந்தாள். வாசலில் நின்று மல்லிகாவைப் பார்த்தாள். முகத்தை அல்ல, கம்பளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலை. கட்டைவிரல் நகத்துச் சுண்ணாம்பு காய்ந்து உதிர்ந்திருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து நெற்றியில் கை வைத்தாள்.

"யக்கா, எத்தினி நாளா எரியுது?"

மல்லிகா என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"சார், நீங்க கொஞ்சம் கீழ போய் நில்லுங்க," என்றாள் பச்சையம்மா.

போய்ப் புளிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றேன். ஐந்து நிமிஷத்தில் இறங்கி வந்தாள். மற்றப் பெண்களுக்குக் கேட்காதபடி மெதுவாகப் பேசினாள்.

"நாலு நாளா நீர்க்கடுப்பாம் சார். அடிக்கடி வருதாம், போனா சொட்டு சொட்டா, நெருப்பாட்டம் எரியுதாம். கலங்கலா நாத்தமா போவுதாம். எரியுதேன்னு தண்ணியே குடிக்கல. பஸ்ல வேற அஞ்சு மணி நேரம் அடக்கினு வந்துகீது. ஒடம்பு அனலா கொதிக்குது. இது கல்லு இல்ல சார், உள்ள புண்ணு."

"காய்ச்சல் இல்லம்மா, குளிருது அவ்வளவுதான். மலைக் குளிர்."

"மத்தியானம் மூணு மணிக்கு பல்லு கிட்டுதுன்னா அது மலைக் குளிரா சார்? எனக்கு வேர்த்துனு கீது, பாருங்க."

நான் விடவில்லை. எனக்கும் முதுகில்தான் வலித்தது, எனக்கும் வாந்தி வந்தது என்று வாதாடினேன்.

"எங்க வூட்டுக்காரருக்கும் கல்லு வந்துச்சு சார். ஒரு எடத்துல குந்தல. எழுந்துப்பாரு, நடப்பாரு, பாறை மேல உருளுவாரு. ஒடம்பு ஜில்லுனு வேர்த்துது, காய்ச்சலு இல்ல. நடுவுல விட்டுச்சுன்னா பீடி பத்த வைப்பாரு. இந்தக்காவ பாருங்க, வந்ததுலேர்ந்து வலி ஒரே மாதிரி நிக்குது. அசையவே பயப்படுது. முதுவுல லேசா கைய வச்சேன், கத்திட்டாங்க. நாலரைக்கு கடைசி பஸ்ஸு. கீழ இட்டுனு போங்க."

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தது, தெரிந்தது. அதற்கு மேல் வேறு வலியே உலகத்தில் கிடையாது என்று நினைத்துவிட்டேன். கூடத்துக்கும் கொல்லைக்கும் நடையாய் நடந்தவன் நான். அசையாமல் சுருண்டு கிடந்தவளைப் பார்த்து, என்னைப் போலவே இருக்கிறாள் என்று எப்படிச் சொன்னேன்? மாடிக்கு ஓடி அவள் கழுத்தில் கை வைத்தேன். சுட்டது. அன்று முழுக்க அவளை நான் தொட்டே பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தச் சரிவில் இவளையா குதிக்கச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டே பையைக் கட்டினேன்.

நாலரை பஸ். காலையில் எங்களை ஏற்றி வந்த அதே கண்டக்டர். பச்சையம்மாவும் அவளோடு வேலை செய்த இரண்டு பெண்களும் வேலையைச் சீக்கிரமே முடித்துக்கொண்டு ஏறினார்கள். மல்லிகாவை நீளச் சீட்டில் படுக்கவைத்து, பச்சையம்மா தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். கால் மணி நேரம் போயிருக்கும். மல்லிகா ஏதோ முனகினாள். பச்சையம்மா எழுந்து, "கண்டக்டரே, நிறுத்து," என்றாள். ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. விசில் அடித்தார். "ஆம்பளைங்க யாரும் எறங்காதீங்க, அந்தாண்ட பாத்து குந்துங்க," என்று அவரே சொன்னார்.

மூன்று பெண்களும் மல்லிகாவைத் தாங்கி இறக்கி, எங்கள் கம்பளியை விரித்துச் சுற்றிலும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பஸ்ஸில் முப்பது பேர் எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தோம். யாரும் முணுமுணுக்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை. மொத்தம் நான்கு நிமிஷம். கண்டக்டர் என் பக்கத்தில் வந்து, "காலைலயே ஒரு வார்த்த சொல்லிருந்தா நிறுத்திருப்பனே சார். இது தெனமும் நடக்கறதுதானே," என்றார்.

பச்சையம்மா தன் கிராமத்தில் இறங்கும்போது, அத்திமூரில் இன்னொரு தடவை நிறுத்தும்படி கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, என்னிடம் "அந்தக்காவுக்கு வாய நனைச்சுனே இருங்க சார்," என்றாள். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஆறே முக்காலுக்குப் போளூர். அங்கே ஒரு லேடி டாக்டர் இருந்தார். நான் வாயைத் திறந்து "கல்லு..." என்பதற்குள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு மல்லிகாவிடமே கேட்டார். எரிச்சல் முதலில் வந்ததா, முதுகு வலி முதலில் வந்ததா? வலி விட்டு விட்டு வருகிறதா, நின்று வலிக்கிறதா? குளிர் நடுக்கம் எத்தனை தடவை? பிறகு அவளை உட்காரவைத்து, கடைசி விலா எலும்பும் முதுகெலும்பும் சேருகிற இடத்தில் கைமுஷ்டியால் லேசாகத் தட்டினார். மல்லிகா துள்ளிவிட்டாள். காய்ச்சல் நூற்று மூன்றரை. சிறுநீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்து, "சீழ் நிறைய இருக்கு. கீழே ஆரம்பிச்ச கிருமி கிட்னி வரைக்கும் ஏறிடுச்சு. நாளைக்கு வரைக்கும் வெச்சிருந்தீங்கன்னா ரத்தத்துல கலந்திருக்கும். அப்ப என் கையில இல்ல," என்றார்.

ஆறு நாள் அங்கேயே படுத்திருந்தாள். வேளைக்கு ஊசி. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அன்றைக்குத்தான் நான் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்ததும் தீப்பெட்டியை எடுத்து, கல்லைச் சாக்கடையில் போட்டேன்.

நாங்கள் ஊருக்குக் கிளம்பும்போது அந்த டாக்டர் எனக்குச் சொன்னதையும், பிற்காலத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதிவைக்கிறேன். கல் வலி பெரும்பாலும் திடீரென்று வரும், அலை அலையாக வரும், விலாவிலிருந்து தொடை இடுக்குக்கு இறங்கும், ஆளை ஒரு நிலையில் இருக்க விடாது. சிறுநீர் சிவக்கலாம். வெறும் கல்லுக்குக் காய்ச்சல் வருவது வழக்கமில்லை. கிருமி என்றால் முதலில் எரிச்சல், அடிக்கடி போகத் தோன்றுவது, கலங்கல், நாற்றம், அடிவயிற்றில் பாரம். அது சிறுநீர்ப்பையோடு நிற்கும்போதே டாக்டரிடம் போனால் மாத்திரையில் முடியும். காய்ச்சலும் நடுக்கமும் முதுகில் நிற்கிற வலியும் சேர்ந்துவிட்டால் சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். வாந்தி இரண்டிலும் வரும், ரத்தமும் இரண்டிலும் வரலாம், வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் இருக்கலாம். எல்லாவற்றிலும் மோசம், கல்லும் காய்ச்சலும் சேர்ந்து வருவது. கல் வழியை அடைத்துக்கொள்ள, பின்னால் சீழ் கட்டினால் மணிக்கணக்கில் ஆபத்து. ஆகவே வலியோடு காய்ச்சல் என்றால் கொள்ளு தேடி இறங்காதீர்கள், வண்டி தேடி இறங்குங்கள். வீட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல இது என் மாதிரி வாத்தியார்களின் வேலை இல்லை. இப்போது ஸ்கேன் இருக்கிறது, சிறுநீர்ப் பரிசோதனை இருக்கிறது.

அம்மாவோடு போகிற வாசகிக்கு: காலை பஸ்ஸில் போங்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டு வையுங்கள். அம்மாவைத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். ஏறினதும் கண்டக்டரிடம் "வழியில் ஒருமுறை நிறுத்த வேண்டியிருக்கும்" என்று சத்தமாகவே சொல்லிவிடுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஒரு போர்வை கையில் இருக்கட்டும். புறப்படுவதற்கு முன் எரிச்சல் கிரிச்சல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், மலை எங்கும் போய்விடாது. மறு வருஷம் நாங்கள் திரும்பப் போனபோது பச்சையம்மாவுக்கு ஒரு கம்பளி வாங்கிக்கொண்டு போனோம். மல்லிகாதான் தேர்ந்தெடுத்தாள்.

இந்தப் பதிவைப் போடுவதற்கு முன் மல்லிகாவிடம் படித்துக் காட்டினேன். எழுபதை நெருங்குகிறாள், காது மட்டும் கொஞ்சம் மந்தம். முதலில் நான் ஒரு இடத்தில், "நாலு நாளாக எரிச்சல் இருந்ததை அவள் என்னிடம் சொல்லவே இல்லை" என்று எழுதியிருந்தேன். அங்கே நிறுத்தச் சொன்னாள்.

"சொல்லலைன்னு எழுதியிருக்கீங்களா?"

"ஆமா. நீ சொல்லலையே."

"நீங்க கேக்கலைன்னு எழுதுங்க," என்றாள்.

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த வரியை அடித்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்: நான் கேட்கவில்லை.